பாராமகால் மலைக்கோட்டையும் நம் வீட்டுக் கதைகளும்

அரூரில் நின்று எத்திசை நோக்கினும் மலையே கண்ணிற்படும். தெற்கே சித்தேரி மலைத்தொடர், தென்மேற்கே சேர்வராயன், வடகிழக்கே தீர்த்தமலை. இம்மலைகளுக்கும் இவற்றிற்கு வடக்கே ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வரையிலும் பரந்து கிடக்கும் தனிப்பாறைக் குன்றுகளுக்கும் நம் மக்கள் வழங்கும் வரலாறு மிகச் சுருக்கமானது. உச்சியில் இடிந்த மதில் தெரிந்தால் 'திப்பு கோட்டை' என்பர். அடிவாரத்தில் பள்ளிவாசல் இருந்தால் 'திப்புவின் சிப்பாய்கள் வழிவந்தவர்கள்' என்பர். இவ்விரு வாக்கியங்களோடு இருநூறு முந்நூறு ஆண்டுகளின் செய்தி முடிந்துவிடுகிறது.

இவ்வாக்கியங்களைப் பெருமையாகச் சொல்வோர் நம் இல்லங்களிலேயே உளர். அதே வாக்கியத்தை ஏளனமாகத் திருப்பிச் சொல்வோரும் வெளியே உளர். "நீங்கள் படையோடு வந்தவர்கள்தாமே" என்று ஒருவர் தேநீர்க் கடையில் கேட்டுவிட்டால், வீட்டிற் பெருமையாகக் கேட்ட செய்தியையே நம் பிள்ளை தலைகுனிந்து கேட்க நேரிடுகிறது. ஒரே செய்தி ஓரிடத்தில் மகுடமாகவும் பிறிதோரிடத்தில் குற்றச்சாட்டாகவும் ஆகுமெனில், அச்செய்தி மெய்தானா என்று பார்ப்பது கடமையாகிறது. ஹதீஸ் கலை பயின்றோர் ஒரு செய்தி எத்துணை இனிமையுடையதாயினும் முதலில் 'ஸனது எங்கே?' என்றுதான் வினவுவர். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரு காலத்தவரா என்னும் அவ்வினாக்களைக் கோட்டைகளிடமும் கேட்கலாம். கற்களும் ஓரளவு விடை சொல்லும்.

முதலில் பெயரைக் காண்போம். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் மாவட்டங்களின் பெரும்பகுதி பதினெட்டாம் நூற்றாண்டில் 'பாராமகால்' என வழங்கிற்று. 'பாரா' என்பது இந்துஸ்தானியில் பன்னிரண்டு. 'மஹல்' என்றவுடன் தாஜ்மஹல் நினைவுக்கு வருவதால் 'பன்னிரண்டு அரண்மனைகள்' என்று பொருள் சொல்லிவிடுகின்றனர். அரபியில் 'மஹல்' என்பது 'ஹல்ல' என்னும் வினையடியாகப் பிறந்த இடப்பெயர். பயணி மூட்டையை அவிழ்த்துவிட்டுத் தங்கும் இடம் என்பது அதன் மூலப்பொருள். நம் ஜமாஅத்தார் அன்றாடம் சொல்லும் 'மஹல்லா' இதன் உடன்பிறப்பு. அரசிறைக் கணக்கிலோ, ஒரு வரிவசூல் வட்டாரமே 'மஹல்' எனப்பட்டது. ஆதலின் பாராமகால் என்பதற்குப் பன்னிரு கோட்டைகளைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னிரு வட்டாரங்கள் எனப் பொருள் கொள்வதே எமக்குப் பொருத்தமாகப்படுகிறது. அப்பன்னிரண்டு யாவை என்பதில் பட்டியல்கள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. கிருஷ்ணகிரி, ஜகதேவி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி ஆகியவை அவற்றில் அடிக்கடி காணப்படும் பெயர்கள்.

'கோட்டை' தமிழ்ச்சொல். மலைமேலுள்ள கோட்டையை இப்பக்கத்தார் 'துர்க்கம்' என்பர். அணுகுதற்கரியது என்னும் வடமொழிப் பொருள் அது. அரபியரோ அரணுக்கு 'ஹிஸ்ன்' என்றும், மலைமேல் அமைந்த எளிதில் எட்டாத அரணுக்கு 'கல்ஆ' என்றும் இரு சொற்களைப் பிரித்து வைத்துள்ளனர். இக்'கல்ஆ'வே பாரசீகத்தின் வழி 'கில்லா' ஆகி, அதன் காவலர் 'கில்லேதார்' ஆனார். மேற்கே சென்று ஸ்பெயின் நாட்டில் 'அல்கலா' என்னும் ஊர்ப்பெயராக இன்றும் நிற்பதும் அதுவே. மலைமேல் அரண் கட்டும் வழக்கம் எந்த ஒரு சமயத்தாருக்கும் இனத்தாருக்கும் தனியுரிமையன்று என்பதற்கு இச்சொற்களின் பயணமே போதிய சான்று. சிரியாவில் ஷைஸர் கோட்டையில் வளர்ந்த உஸாமா இப்னு முன்கிது தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். அவருடைய குலத்தார் வாழ்ந்த அக்கோட்டையை 1157-இல் பூகம்பம் வீழ்த்தியது. பகைவரின் படையால் இயலாததை மண் ஒரு நொடியில் செய்து முடித்தது.

இனி நம் கோட்டைக்கு வருவோம். கிருஷ்ணகிரித் துர்க்கத்தை ஹைதரலியும் கட்டவில்லை, திப்பு சுல்தானும் கட்டவில்லை. அது விஜயநகர ஆட்சிக் காலத்தது. கிருஷ்ணதேவராயர் பெயரால் ஊர் அமைந்தது என்பது வழக்கு. விஜயநகரத்தின் பிற்காலத்தில் பெனுகொண்டாவைக் காத்த வீரத்திற்காக ஜகதேவராயர் என்பார்க்குப் பாராமகால் அளிக்கப்பட்டதாகவும், அவர் தம் பெயரால் ஜகதேவியைத் தலைமையிடமாக்கினார் எனவும் சொல்வர். பின்னர் பீஜப்பூர்ப் படைகள் வந்தன. பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் உடையார்கள் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கைநீட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடப்பை நவாபுகள் ஆண்டனர். 1760-ஐ ஒட்டித்தான் ஹைதரலியின் கைக்கு இந்நாடு வந்தது. 1792-இல் திப்புவின் கையினின்று போயிற்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தந்தையும் மகனும் இங்கு ஆண்டது ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகள். இடையில் ஓராண்டு கிருஷ்ணகிரி ஆங்கிலேயர் கையில் இருந்தது.

'திப்புவின் சிப்பாய் வழி' என்னும் கதையின் முதற்பாதி இங்கேயே தளர்கிறது. ஹைதருக்கு முன்னரே பீஜப்பூராரும் கடப்பையாரும் இங்கே அதிகாரிகளையும் காவலர்களையும் வைத்திருந்தனர். தமிழ் பேசும் ராவுத்தர், லப்பை குடும்பங்களோ வாணிபத்தின் வழியாகக் கீழைச் சீமையிலிருந்தும் தென்னகத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. உருது பேசும் குடும்பங்களின் கதை வேறு. படைவீரர் மரபினர் சிலர் இருத்தல் கூடும்; அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாவட்டத்து முஸ்லிம்கள் அனைவரையும் ஒரே படையணியில் நிறுத்துவது வரலாறாகாது. மறுபுறம் மைசூர்ப் படையும் ஒரு சமயத்தார் மட்டுமே கூடிய படையன்று. கந்தாசாரம் எனப்பட்ட காலாட்படையில் ஊர்க்குடிகளே மிகுதி. திப்புவின் வருவாய்த்துறைத் தலைவர் பூர்ணய்யா. பொக்கிஷத்தைக் கவனித்தவர் கிருஷ்ணராவ். சிப்பாய் வழி என்று ஒருவரை ஏளனம் செய்பவர் தம் பாட்டனாரும் அதே அணியில் ஈட்டி பிடித்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கோட்டைகளைக் கண்ணால் காணாமல் எழுதுவது முறையன்று. சென்ற குளிர்காலத்தில் மதரஸாவின் மூத்த மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அரூரிலிருந்து புறப்பட்டோம். முதலில் தென்கரைக்கோட்டை. இது மலைக்கோட்டையன்று, சமதரையில் மதிலும் அகழியுமாக அமைந்தது. உள்ளே கல்யாணராமர் ஆலயம் உள்ளது. 1768 பிப்ரவரியில் கர்னல் உட் என்பாரின் படை முன் நின்றபோது, சில குண்டுகள் பாய்ந்ததுமே இதன் கதவு திறக்கப்பட்டது. அவர் அடுத்துச் சென்ற தருமபுரியோ கடுமையாக எதிர்த்து நின்றது. கோட்டைக்குள் பலர் மாண்டனர். கும்பெனியார் காகிதங்களில் தென்கரைக்கோட்டை 'டிங்கிரிகோட்டா' என்று எழுதப்பட்டுள்ளது. இதைச் சொன்னதும் மாணவர் சிரித்தனர். அரபுப் பெயர்களை நாம் தமிழில் எழுதும் அழகை அரபியர் கண்டால் அவர்களும் இவ்வாறே சிரிப்பர் என்றேன்; சிரிப்பு சற்று அடங்கியது.

ஊத்தங்கரை வழியாகச் செல்லும் சாலை சிங்காரப்பேட்டைப் பக்கம் பிரியும் இடத்தில் மாணவர்களுக்கு ஒன்றைச் சுட்டினேன். அங்கிருந்து கிழக்கே செல்வது செங்கம் கணவாய். பாராமகாலுக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் இடையே உள்ள வாயில் அது. 1767-இல் கர்னல் ஜோசப் ஸ்மித் கிருஷ்ணகிரியைப் பிடிக்க முயன்று, ஜூன் மாதத் தாக்குதலில் தோற்று, மலையைச் சூழ்ந்து காத்துக் கிடந்தார். ஆகஸ்டில் ஹைதரலி ஹைதராபாத் நிஜாமின் படையோடு சேர்ந்து மலைவழி இறங்கிக் காவேரிப்பட்டணத்தைக் கைப்பற்றியதும், ஸ்மித் இக்கணவாய் வழியே கிழக்கு நோக்கிப் பின்வாங்கினார். செப்டம்பர் 3-இல் செங்கத்தில் போர்; அம்மாத இறுதியில் திருவண்ணாமலையில் மீண்டும் போர். இவ்விரண்டிலும் களம் ஆங்கிலேயருக்கே சாய்ந்தது. அடுத்த ஆண்டு 1768 மே மாதத்தில் கிருஷ்ணகிரி அவர்களிடம் பணிந்தது. அவ்வாண்டு இறுதியில் ஹைதர் மீண்டும் பாலக்கோடு வழியாக இறங்கி, இழந்த ஊர்களை வரிசையாக மீட்டார். 1769 ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை ஏற்பட்டு, இரு தரப்பாரும் பிடித்தவற்றைத் திருப்பித் தந்தனர்.

கிருஷ்ணகிரியில் பழைய பேட்டைப் பக்கமாக மலையேற வேண்டும். 'பேட்டை' என்பது கோட்டையை ஒட்டிய வணிகர், கைவினைஞர் குடியிருப்பு. மலைக்கோட்டைக்கு எப்போதும் மூன்று உறுப்புகள் உண்டு: கீழே பேட்டை, அடிவாரத்தில் கீழ்க்கோட்டை, உச்சியில் மேற்கோட்டை. பகைவன் வந்தால் பேட்டைதான் முதலில் எரியும். மேலே இருப்பவர் காப்பாற்றப்படுவதும் கீழே இருப்பவர் கைவிடப்படுவதும் இவ்வமைப்பிலேயே உள்ளடங்கிக் கிடக்கிறது. வீரக் கதைகளில் பேட்டை மக்களுக்கு இடமில்லை.

இக்கோட்டை நடுவணரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வழியில் சில இடங்களில் கல்லடுக்கிய படிகள். சில இடங்களில் பாறையையே செதுக்கிய படிகள். ஏறும் வழி நேராகச் செல்வதில்லை. திரும்பித் திரும்பிச் செல்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருந்து ஒருவன் உம்மைப் பார்த்துக்கொண்டிருக்க இடமுண்டு. வாயில்கள் நேருக்கு நேர் அமையாமல் பக்கவாட்டில் அமைந்துள்ளன; யானையைக் கொண்டோ மரத்தூலத்தைக் கொண்டோ ஓடிவந்து மோத முடியாது. வாட்டசாட்டமான மாணவர் ஒருவர் பாதி வழியிலேயே அமர்ந்து, "ஹஜ்ரத், இவ்வளவு உயரத்திற்குப் பீரங்கியை எப்படி ஏற்றினார்கள்?" என்றார். உம் கையிலுள்ள தண்ணீர்ப் பாத்திரத்தையே நீர் இரண்டு முறை பிறரிடம் தந்துவிட்டீரே, அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும் என்றேன்.

கேள்வி நல்ல கேள்விதான். மலைக்கோட்டையின் உயிர் மதிலில் இல்லை. நீரிலும் தானியத்திலும் இருக்கிறது. கெய்ரோ நகரில் ஸலாஹுத்தீன் அய்யூபி 1176-இல் தொடங்கிய மலைக்கோட்டையில் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்திற்குப் பாறையைக் குடைந்து கிணறு தோண்டினர். கிருஷ்ணகிரியில் வேறு முறை. பெய்யும் மழையைப் பாறைச் சரிவு தானே திரட்டித் தர, பள்ளங்களில் சுனைகளாகத் தேக்கினர். உச்சியில் அச்சுனைகள் இன்றும் உள்ளன. நாங்கள் சென்றபோது ஒன்றில் நீர் பசுமை படர்ந்து நின்றது. மற்றொன்றில் நெகிழிப் புட்டிகள் மிதந்தன. அருகே தானியமும் மருந்தும் வைத்த கட்டடங்களின் எச்சங்கள். இவை நிறைந்திருக்கும் வரை சில நூறு பேர் ஒரு சேனையைத் தடுத்து நிறுத்தலாம். இவை வற்றிவிட்டால் மதிலின் கனம் எவ்வளவாயினும் பயனில்லை.

உச்சியிலிருந்து நோக்கினால், போருக்கு இம்மலை ஏன் வேண்டியிருந்தது என்பது விளங்கும். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையும், தெற்கே சேலம் செல்லும் சாலையும் காலடியில் பிரிகின்றன. அக்காலத்து வழிகளும் இப்படியேதான் கூடிப் பிரிந்தன. ஒருபுறம் 1950-களில் தென்பெண்ணையின் குறுக்கே எழுந்த அணையின் நீர்ப்பரப்பு. எஞ்சிய திசைகளில் மாந்தோப்புகள். படை அசைந்தால் புழுதி தெரியும். புழுதியைக் கொண்டே தொகையைக் கணிப்பர்.

1791-ஆம் ஆண்டின் செய்தியை அவ்விடத்தில் அமர்ந்தே மாணவர்களுக்குச் சொன்னேன். மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடித்துவிட்டார். ஜூலை மாதத்தில் மேஜர் கௌடி ராயக்கோட்டையைக் கைப்பற்றினார். அக்டோபரில் நந்திதுர்க்கம் வீழ்ந்தது. பாராமகாலில் மைசூர்க் குதிரைப் படையின் நடமாட்டத்தை ஒடுக்கக் கர்னல் மாக்ஸ்வெல் அனுப்பப்பட்டார். அக்டோபர் இறுதியில் அவர் பென்னாகரத்தை ஏணியிட்டுப் பிடித்தார். காவலிருந்தோர் பெரும்பாலார் கொல்லப்பட்டனர். நவம்பர் 7 இரவு கிருஷ்ணகிரியைத் தாக்கினார்.

பேட்டை விழுந்தது. கீழ்க்கோட்டை விழுந்தது. ஓடி மேலேறிய காவலரைத் துரத்திக்கொண்டே மேல்வாயிலிலும் புகுந்துவிடலாம் என்று தாக்கியோர் கருதினர். மேல்வாயில் அடைபட்டுவிட்டது. ஏணிகளைக் கொண்டுவந்து சாத்தியபோது மேலிருந்து பெரும் பாறைகள் உருண்டு வந்தன. ஏணிகளும் ஏணிகளில் நின்றோரும் நொறுங்கினர். பலமுறை முயன்ற பின் மாக்ஸ்வெல் பின்வாங்கினார். போகும்போது பேட்டைக்குத் தீயிட்டார். அன்றிரவு துப்பாக்கியைவிடக் கல்லே மிகுதியாக வேலை செய்தது.

இதைக் கேட்டதும் மாணவர் முகங்களில் மலர்ச்சி தோன்றியது. 'யாராலும் பிடிக்க முடியாத கோட்டை' என்று ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதலானார். அதை நிறுத்தச் சொன்னேன். 1768-இல் இதே கோட்டை பணிந்திருக்கிறது. 1791-இல் மாக்ஸ்வெல் ஓரிரவில் ஏணிகளை நம்பி வந்தாரேயன்றி, முற்றுகைப் பீரங்கிகளை நிறுத்தி நாட்கணக்கில் மதிலை உடைக்க முற்படவில்லை. அவ்வாறு செய்த இடங்களில் இதனினும் உயர்ந்த நந்திதுர்க்கமே விழுந்தது. டிசம்பரில் சாவனதுர்க்கமும் விழுந்தது. அன்றிரவு மேல்வாயிலைக் காத்தவர்கள் அஞ்சாமல் நின்றார்கள் என்பது மெய். அவர்களுள் ஒருவருடைய பெயர்கூட நம் நாவில் இல்லை என்பதும் மெய். 'எவராலும் முடியாது' என்பது மட்டும் நாமாகச் சேர்த்துக்கொள்வது.

நான்கே மாதத்தில் அவர்கள் காத்த வாயில் தானாகத் திறந்தது. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையிடப்பட்டது. மார்ச் 18-இல், ஹிஜ்ரி 1206-இல், உடன்படிக்கை. திப்பு தம் நாட்டில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் தர இசைந்தார்; அதற்கு ஈடாக அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்னும் இரு சிறு மைந்தரையும் பிணையாக அனுப்பினார். தந்த பாதியில் பாராமகாலும் சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும் அடக்கம். ஏணிக்கு வசப்படாத கிருஷ்ணகிரி காகிதத்தில் எழுதப்பட்டுக் கைமாறியது.

அங்கு வந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "பாய், இங்கேருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுரங்கம் போகுது, குதிரையிலயே போயிருவாராம்" என்று அன்போடு சொன்னார். இக்கதை இல்லாத கோட்டை தென்னாட்டில் இல்லை. பெரியவரிடம் வாதிடவில்லை. இறங்கும்போது மாணவர்களிடம் மட்டும் இப்னு கல்தூனை நினைவூட்டினேன். 1377-இல் தம் 'முகத்திமா'வை எழுதிய அப்பெரியார், பழைய நூல்கள் சொல்லும் படைத்தொகைகளை அப்படியே ஏற்காமல், அத்தனை பேர் அந்நிலத்தில் நிற்க இடமுண்டா, அவர்களுக்கு உணவுண்டா என்று கணக்கிட்டவர். அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் சாலைவழி 200 கிலோமீட்டருக்கும் மேல். இடையே கருங்கல். தோண்டிய கல்லை எங்கே கொட்டினர்? காற்று எங்கிருந்து வந்தது? அப்படியொரு வழி இருந்திருந்தால் 1791-இல் திப்புவின் படை அதன் வழியே வந்திருக்குமே. மாணவர்கள் ஒவ்வொன்றாகக் கேள்வி அடுக்கத் தொடங்கினர். கதையைக் கேட்டபோது இருந்ததைவிடக் கதையை ஆராய்ந்தபோது அவர்கள் மகிழ்ச்சி மிகுந்திருந்தது.

மலைமேலுள்ள தர்காவால் இம்மலைக்குச் சையத் பாஷா மலை என்ற பெயரும் உண்டு. எல்லாச் சமயத்தாரும் ஏறி வருகின்றனர். அங்கு அடங்கியிருப்போரைப் பற்றியும் பல கதைகள் உலவுகின்றன. அவர்கள் எந்தப் போரில் வீழ்ந்தவர்கள் என்று தேதி குறித்துச் சொல்வோரிடமும் ஸனது கேட்க வேண்டியதுதான். அடக்கத்தலத்திற்குச் செய்யும் மரியாதைக்கு அந்தத் தேதி தேவையில்லை.

கோட்டையைவிடப் பெரிய செய்தி கோட்டை கைமாறிய பின் நடந்தது. அதை எவரும் மலைமேல் தேடுவதில்லை. தாலுகா கச்சேரியில் தேட வேண்டும். 1792-இல் பாராமகாலை நிர்வகிக்கக் காரன்வாலிஸ் படை அதிகாரிகளையே நியமித்தார். தலைவர் காப்டன் அலெக்சாண்டர் ரீட். உதவியாளர் தாமஸ் மன்றோ, மக்லியாட், கிரகாம். நாட்டு மொழியறிந்த சிவில் உத்தியோகஸ்தர் சென்னையில் கிடைக்காமையே இதற்குக் காரணம். மன்றோ பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்தவர். ஏழாண்டுகள் இப்பகுதியில், பெரும்பாலும் தருமபுரியில் இருந்தார். ரீட் போர்க்காலத்தில் பிரிஞ்சாரிகளின் எருது மந்தைகளைக் கொண்டு காரன்வாலிஸின் சேனைக்குத் தானியம் சேர்த்தவர். இன்று அரூர்ப் பக்கத்துக் குன்றோரங்களில் வாழும் லம்பாடி மக்கள் அப்பொதிமாட்டு வணிகரின் இனத்தவரே. எந்தக் கோட்டைக் கதையிலும் அவர்கள் பெயர் வருவதில்லை.

பாளையக்காரர்களை ஒடுக்கிக் குடிகளிடம் அரசு நேரே வரி பெறும் முறைக்கு ஹைதரும் திப்புவும் முன்னரே வழி செய்திருந்தனர். ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுபவன் ஒவ்வொருவனோடும் தனித்தனியே கணக்கு வைக்கும் முறையை அதன்மேல் எழுப்பினர். அதுவே ரயத்துவாரி. மன்றோ 1820-இல் சென்னை கவர்னரான பின் அம்முறை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. பாராமகாலில் முளைத்த ஒரு கணக்குமுறை தமிழகத்து உழவன் அரசோடு பேசும் முறையையே ஒன்றரை நூற்றாண்டுக்கு வகுத்துவிட்டது. வரியின் சுமையும் அதே முறையில் அவன் தலைமேல் நேரே இறங்கிற்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அந்த மொழியைப் பாருங்கள். அரூர் உழவர் ஒருவர் கச்சேரிக்குச் செல்கிறார். அது 'தாலுகா' கச்சேரி. தொடர்புடையது என்னும் பொருள்தரும் 'தஅல்லுக்' அது. அவர் ஊர் ஒரு 'பிர்கா'வைச் சேர்ந்தது. கூட்டம், பிரிவு என்னும் 'பிர்கா'. கட்டுவது 'கிஸ்தி', பங்கு, தவணை என்னும் 'கிஸ்து'. அலுவலர் 'வசூல்' செய்கிறார். வந்து சேர்தல் என்னும் 'உஸூல்'. எஞ்சியது 'பாக்கி'. ஆண்டுக்கணக்கு 'பசலி', அறுவடைப் பருவம் என்னும் 'பஸ்ல்'. வேண்டுவது 'நகல்'. ஜாமீன், ஜப்தி, மகஜர், இனாம், ஜில்லா, வக்கீல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 'ரயத்து' என்பதும் மேய்ப்பனின் காவலில் உள்ள மந்தை, குடிகள் என்னும் 'ரஇய்யத்'. அரபு கற்கப் பிள்ளைகள் தயங்கினால், உங்கள் பாட்டனார் நிலப்பத்திரத்தை எடுத்து வாருங்கள் என்று சொல்வது என் வழக்கம்.

இச்சொற்கள் அனைத்தும் திப்புவின் கொடை என்று கூறிவிடுதலும் தகாது. ஆற்காட்டு நவாபின் ஆட்சியும் கும்பெனியின் பாரசீகக் குமாஸ்தாக்களும் இவற்றைப் பரப்பினர். திப்பு சேர்த்த சொற்கள் பல நிலைக்கவேயில்லை. மாகாண வருவாய்த் தலைவருக்கு, நபி சுலைமான் அவர்களின் அமைச்சர் பெயரைக் கொண்டு 'ஆசப்' என்று பெயரிட்டார், மறைந்துவிட்டது. மௌலூதி என்னும் புதிய ஆண்டுக் கணக்கை வகுத்து, நாணயங்களில் எண்களை வலமிருந்து இடமாகப் பொறித்தார். அரபு எழுத்து வலமிருந்து செல்லினும் எண்கள் இடமிருந்தே செல்வது மரபு. ஆதலின் அவருடைய காசைக் கையில் எடுக்கும் அரபு மாணவன் முதலில் திகைக்கத்தான் செய்வான். 1799 மே 4-இல், ஹிஜ்ரி 1213-இல், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் போரிட்டு வீழ்ந்ததோடு அக்கணக்கும் நின்றது.

கிருஷ்ணகிரி மதில்களில் இன்று மிகுதியாகக் காணப்படும் எழுத்து காதலர் பெயர்கள். அவற்றினூடே நம் சமுதாயத்துப் பிள்ளைகளின் பெயர்களும் வெள்ளைச் சாயத்தில் பளிச்சிடுகின்றன. 'திப்பு புலி' என்று எழுதி, அதற்காக ஒரு கல்லையே பெயர்த்துச் சாய்த்து வைத்திருந்தனர் சிலர். 1791-இல் அந்தக் கற்களைக் காத்து நின்றவர்கள் இதைக் கண்டால் என்ன சொல்வார்கள் என்று ஒரு மாணவர் கேட்டார். கையிலிருந்த துணியால் தேய்த்துப் பார்த்தோம், சாயம் போகவில்லை. சுனையில் கிடந்த புட்டிகளை மட்டும் இரண்டு கோணிகளில் திரட்டிக் கீழே கொண்டுவந்தோம்.

செல்ல விரும்பும் குடும்பத்தார் வெயிலுக்கு முன் ஏறத் தொடங்குக. குடிநீரைக் கையோடு கொண்டு செல்க. சுனைநீர் குடிக்கத் தக்கதன்று. மழைக்காலத்தில் பாறை வழுக்கும். முதியோர் கீழ்ப்படிகளோடு நிற்பதே நலம். மறுநாளும் ஓய்வு கிடைக்குமாயின் ராயக்கோட்டைக்கும் செல்லலாம். சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. அதுவும் மலைக்கோட்டையே; அதுவும் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. 1799-இல் ஜெனரல் ஹாரிஸ் அங்கிருந்துதான் தம் பெருஞ்சேனையைத் திப்புவின் எல்லைக்குள் செலுத்தினார். அது மார்ச் 5-ஆம் நாள். மேலிருந்து மேற்கே நோக்கினால் அப்படை சென்ற திசை தெரியும்.